குதிகாலில் ஓர் ஓட்டை

மீஞ்சூரில் முப்பது வருடம் கேட்டும் கிரில்லும் கட்டிய கை இது. எனக்கு ஐம்பது வயதிருக்கும்போது பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒருவர் வந்தார். கையில் ஒரே ஒரு போட்டோ. ஏரியில் வீச்சு வலை போட்டுத் தன்னைப் படிக்க வைத்த அப்பாவை, ஆள் உயரத்துக்கு இரும்பில் செய்து வாசலில் நிறுத்த வேண்டும் என்றார். கண் கலங்கியிருந்தது. முடியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தெரியும் என்று பொய்யும் சொல்லவில்லை, தம்பி. ஒரு மாதம் டைம் கேட்டேன்.

அந்த மாதம் ஒரு ராடுகூடப் பற்றவைக்கவில்லை, பார்க்க மட்டுமே செய்தேன். ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் போனேன். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கிய ஓவியர் கிராமம் அது. அங்கே வளர்ந்த ஜானகிராம் உலோகத் தகட்டை அடித்து வளைத்தே உருவம் எடுத்தவர். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் வெல்டு செய்து சிற்பமாக்கியவர். பிறகு மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை. அது வெண்கல வார்ப்பு, நம் வேலையே வேறு. ஆனாலும் பாறையை நெம்பும் அந்த நாலு பேரின் கால்களை மட்டும் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரான்சில் கொன்சாலஸ் என்ற சிற்பி 1918-இல் ரெனோ கார் தொழிற்சாலையில்தான் வெல்டிங் கற்றாராம். அப்போது அவருக்கு நாற்பதைத் தாண்டிய வயது. பத்து வருடம் கழித்து பிக்காசோவுக்கே இரும்பில் சிற்பம் செய்ய அவர் கைகொடுத்தார் என்று படித்தபோது எனக்குத் தைரியம் வந்தது. பட்டறையில் கற்ற தொழிலை யாரும் சின்னது என்று உனக்குச் சொல்ல விடாதே.

முதலில் கம்பியில் எலும்புக்கூடு. அதன்மேல் இரண்டு மில்லி தகட்டைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, சுத்தியலால் குழித்துப் பொருத்த வேண்டும். ஓர் ஆளின் மேல்தோலுக்கு அளந்தால் தகடு மட்டும் ஏறக்குறைய முப்பது கிலோ வரும். எடுத்த எடுப்பில் முழு வெல்டு ஓட்டினால் சூட்டில் தகடு இழுத்து, முகம் கோணிப்போகும். புள்ளியாக மட்டும் டேக் அடி, தள்ளி நின்று பார், பிறகு எதிர்ப்பக்கம் டேக் அடி.

இதெல்லாம் தெரிந்தும் நான் அவசரப்பட்டேன். முழங்காலுக்குக் கீழே முழுதாக ஓட்டிவிட்டேன். அன்று சிலை கேட்டவருடைய சித்தப்பா பார்க்க வந்தார். வயசான மனுஷர், ஏரியிலேயே காலம் கழித்தவர். கொஞ்ச நேரம் சுற்றிவந்து, “ஏம்ப்பா, இவன் சிமென்ட் தரைமேல நிக்கறான். சேத்துல நின்னா கால் விரல் இப்படியா இருக்கும்?” என்றார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பட்டறை மண்ணில் நின்று காட்டினார். விரல்கள் விசிறி மாதிரி விரிந்து மண்ணைக் கவ்வின. பாரம் முழுக்க ஒரே காலில் இருந்தது. இடுப்பு திரும்பியது, தோள் பின்னால் போனது. வலையே இல்லாமல் வலை வீசினார்.

கட்டிங் வீலைப் போட்டு இரண்டு காலையும் அறுத்தேன். மூன்று நாள் கூலி போனது. ஆனால் அந்த மூன்று நாளில்தான் எனக்குச் சிற்பம் பிடிபட்டது. தெரிந்தவர் குறை சொன்னால் அந்த நிமிஷமே வெட்டிவிடு, தம்பி. டேக் நிலையில் ஒரு தட்டு தட்டினால் கழன்றுவரும். முழு வெல்டு ஆனபின் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

சிலை நின்றது. அடுத்த மழைக்காலம் முடிந்ததும் கணுக்காலில் துருநீர் வழிகிறது என்று ஆள் வந்தது. தவறு என்னுடையது. நான் எல்லாப் பக்கமும் அடைத்திருந்தேன். எவ்வளவு அடைத்தாலும் வெல்டில் ஊசிமுனை ஓட்டை ஒன்று தப்பிவிடும். வெயிலில் உள்ளிருக்கும் காற்று அது வழியே வெளியேறும். ராத்திரி குளிர்ந்ததும் ஏரியின் உப்பு ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போன தண்ணீர் வடிய அடியில் வழியில்லை. காசு வாங்காமல் போய், துருவைச் சுரண்டி, துத்தநாகப் பிரைமர் அடித்து, இடது குதிகாலுக்கு அடியில் பத்து மில்லி ஓட்டை போட்டுவிட்டு வந்தேன்.

இன்றும் ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் ஒரு கம்பியோடு அங்கே போகிறேன். அந்த ஓட்டை அடைத்திருந்தால் குத்திவிட்டு வருவேன்.