ஆறு முகங்கள்

ஆறு முகம் என்றதும் நமக்கு முருகன் நினைவுதான் வரும். புற்றுநோய்க் குழந்தைகள் வார்டில் அது வேறு. சிரிப்பில் தொடங்கிக் கண்ணீரில் முடிகிற ஆறு முகங்கள் வரைந்த ஓர் அட்டை. "உன் வலி எந்த முகம்?" என்று கேட்டால் மூன்று வயதுக் குழந்தைகூட விரலை வைத்துவிடும். 1980களில் அமெரிக்காவில் டோனா வாங், கானி பேக்கர் என்ற இரு பெண்மணிகள் செய்தது.

ஆனால் அட்டை அந்த நிமிஷத்து வலியைத்தான் சொல்லும். ராத்திரி எப்படிப் போயிற்று என்று சொல்லாது. ரத்தப் புற்றுநோய்க்கு டெக்ஸாமெதஸோன் என்ற ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். நோயை அடக்க அது வேண்டும். அதுவே தூக்கத்தைக் கெடுத்து, வேளைகெட்ட வேளையில் பசியையும் கிளப்பிவிடுகிறது. பாட்டில் மருந்து ஏறுவதால் அடிக்கடி மூத்திரம். சற்றே கண் அசந்தால், ஜுரம் பார்க்க எழுப்புகிறார்கள். தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடுதலாக உறைக்கும். வலித்தால் தூக்கம் ஏது?

அழாமல் கிடக்கிற குழந்தையைச் சமர்த்து என்கிறோம். வலிக்கிறது என்றால் இன்னோர் ஊசி போடுவார்களோ என்று வாயை மூடிக்கொண்டிருக்கலாம், யார் கண்டது?

ஜுரமும் ரத்த அணுக் கணக்கும் எழுதுகிற தாளில் 'எத்தனை மணி தூங்கினான்' என்றும் ஒரு கட்டம் போட்டால் என்ன? கட்டிலடியில் பாயை விரித்திருக்கும் அம்மாவைக் கேட்டாலே போதும். அவள் எங்கே தூங்கினாள்!