பீப்பாய்கள் மீதான வழக்கு

காஃபீன் நினைவாற்றலை வளர்க்குமா, முதுமையில் மூளையைக் காக்குமா என்று ஆராய்ந்த நூல்களைத் தொடர்ந்து படித்துவருபவர்களுக்கு, முடிவுகளைவிட அம்முடிவுகள் பிறந்த சூழ்நிலைகளே அதிகச் சுவை தருகின்றன; காப்பிக்கும் தேநீருக்கும் கசப்பில் ஒரு பங்கைத் தரும் இந்த வெண்ணிறப் பொருளை ஒருவர் அளக்கப் புகும்போது, அதனால் வேறு யாருக்கோ ஓர் ஆதாயம் இருப்பது பெரும்பாலும் வழக்கமாகவே இருந்திருக்கிறது. இத்துறையில் மனிதர்களைக்கொண்டு முறையாக நடத்தப்பட்ட முதற்பெரும் சோதனைகளுள் ஒன்று நீதிமன்ற வழக்கு ஒன்றின் பொருட்டுச் செய்யப்பட்டது என்பதும், அவ்வழக்கின் பிரதிவாதிகள் மனிதர்களல்லர், பீப்பாய்கள் என்பதும் இதற்குத் தக்க சான்று.

1909ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு, அட்லாண்டாவிலிருந்து டென்னசி மாநிலத்துச் சட்டனூகா நகருக்கு அனுப்பப்பட்ட கோக்கோ கோலாப் பாகைக் கைப்பற்றியது. அந்நாட்டுச் சட்டப்படி சரக்கின் மீதே வழக்குத் தொடுக்க இயலுமாதலால், நாற்பது பெரிய பீப்பாய்களும் இருபது சிறிய பீப்பாய்களும் ஆவணங்களில் எதிர்த்தரப்பாயின. வேளாண் துறையின் வேதியியல் பிரிவுக்குத் தலைவராயிருந்த ஹார்வி வைலி, உணவுக் கலப்படத்தின் மீது போர் தொடுத்தவர்; 1906ஆம் ஆண்டின் தூய உணவு, மருந்துச் சட்டம் நிறைவேறுவதற்குப் பெரிதும் காரணமானவர். குழந்தைகளும் பருகும் பானத்தில் காஃபீன் என்னும் கேடான பொருள் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பது அவர் தரப்பின் முதன்மையான குற்றச்சாட்டு.

விசாரணை 1911 மார்ச்சில் தொடங்கவிருந்த நிலையில், விலங்குகளின் உடலில் காஃபீன் என்ன செய்கிறது என்பதற்குச் சான்றுகள் இருந்தாலும், மனிதரின் சிந்தனையை அது என்ன செய்கிறது என்பதற்கு ஏறத்தாழ எதுவுமே கையில் இல்லை என்பதைக் கோக்கோ கோலா நிறுவனத்தார் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தனர். வணிக நிறுவனத்தின் பணத்தில் ஆய்வு நடத்தினால் பெயர் கெடும் என்று மூத்தவர்கள் ஒதுங்கிக்கொள்ள, நியூயார்க்கில் பார்னார்ட் கல்லூரியில் குறைந்த ஊதியத்தில் கற்பித்துவந்த ஹாரி ஹாலிங்வொர்த் என்ற இளம் உளவியலாளர் பொறுப்பை ஏற்றார். பணத்தேவையே காரணம் என்பதைப் பின்னாளில் அவர் மறைக்கவும் இல்லை. எனினும் முடிவு எதுவானாலும் வெளியிடும் உரிமை தமக்கு உண்டு என்றும், அம்முடிவை நிறுவனம் விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்றும் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டார். இன்றைய ஆய்வாளர் பலரும் கேட்கத் துணியாத நிபந்தனைகள் இவை.

மன்ஹாட்டனில் ஆறு அறைகள் கொண்ட குடியிருப்பு ஒன்று வாடகைக்கு எடுக்கப்பட்டது. 19 முதல் 39 வயது வரையிலான பதினாறு பேர் நாள்தோறும் குறித்த வேளைகளில் அங்கே வந்து, சிலநாள் காஃபீன் அடங்கிய மாத்திரைக் கூட்டையும், சிலநாள் பார்வைக்கு அதைப் போன்றே இருந்த, வெறும் பால்சர்க்கரை அடைத்த கூட்டையும் விழுங்கினார்கள். பிறகு உலோகத் தகட்டை ஒரு கோலால் எவ்வளவு விரைவாகத் தட்ட முடிகிறது, சிறு துளைக்குள் அக்கோலை விளிம்பில் படாமல் எவ்வளவு நேரம் நிறுத்த முடிகிறது, ஒரு சொல்லைக் கேட்டதும் அதன் எதிர்ச்சொல் எவ்வளவு நேரத்தில் வாயில் வருகிறது, வரிசையாக ஒட்டிய வண்ணங்களின் பெயர்களை எத்தனை நொடியில் சொல்லி முடிக்கிறார்கள் என்றெல்லாம் அளக்கப்பட்டன. விழுங்கியவருக்கும் அளந்தவருக்கும் அன்றைய கூட்டில் இருந்தது எது என்று தெரியாது. இன்று இரட்டை மறைப்பு முறை என்று வழங்கும் இவ்வொழுங்கை, அது பரவலாகக் கைக்கொள்ளப்படுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஹாலிங்வொர்த் கடைப்பிடித்தார் என்பது வியப்புக்குரியது.

சிறிய அளவுகளில் காஃபீன் பெரும்பாலான வேலைகளை விரைவுபடுத்தியது, பெரிய அளவில் கையின் நிதானத்தைக் குலைத்தது, எனினும் அஞ்சப்பட்டதுபோல் பின்விளைவாக மந்தநிலை எதுவும் தொடரவில்லை என்று அவர் சாட்சியம் அளித்தார். இவ்வளவு உழைப்பும் தீர்ப்புக்குப் பயன்படவில்லை. காஃபீன் அப்பானத்தின் செய்முறையிலேயே தொடக்கம் முதல் உள்ளது, ஆகவே அதைச் சேர்க்கப்பட்ட பொருள் என்று கூற இயலாது என்று சொல் நுணுக்கத்தின் அடிப்படையில் நீதிபதி வழக்கைத் தள்ளினார். 1916இல் உச்ச நீதிமன்றம் அந்த நுணுக்கத்தை ஏற்க மறுத்தபின், நிறுவனம் காஃபீன் அளவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துச் சமரசம் செய்துகொண்டது. காஃபீன் கேடு செய்யுமா என்ற வினாவுக்கு எந்த நீதிமன்றமும் இறுதிவரை விடை சொல்லவில்லை.

அச்சோதனைகளை அன்றாடம் மேற்பார்த்தவர் ஹாலிங்வொர்த்தின் மனைவி லீட்டா. மணமான பெண்களை ஆசிரியராக அமர்த்தாத நியூயார்க்கில் வீட்டில் முடங்கியிருந்த அவர், இவ்வேலையால் வந்த பணத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பைத் தொடர்ந்தார். மாதவிலக்கு நாள்களில் பெண்களின் அறிவுத்திறன் குன்றுகிறது என்று மருத்துவர்களே உறுதியாகச் சொல்லிவந்த கருத்தை, தட்டும் கோல், துளை, எதிர்ச்சொல், வண்ணம் என்று அதே வகைச் சோதனைகளைக்கொண்டே ஆராய்ந்து, அப்படி எந்தக் குன்றலும் இல்லை என்று 1914இல் வெளியிட்டார். மூளையைப் பற்றிய அறிவுக்கு அந்தப் பாகு செய்த மிகப்பெரிய தொண்டு இதுதான் என்று கூறினால் மிகையாகாது. பீப்பாய்க்குள் இருந்த பொருளுக்கு அதில் பங்கில்லை என்பது வேறு.

நிற்க. விரைவு வேறு, நினைவு வேறு. மூளையின் உயிரணுக்கள் உழைக்க உழைக்க அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே வந்து, ஏற்பிகள் எனப்படும் தனக்குரிய இடங்களில் அமர்ந்து உறக்கத்தை வரவழைக்கிறது. காஃபீனோ பேருந்து இருக்கையில் துண்டு போட்டவரைப் போல அவ்விடங்களை மறித்துக்கொள்கிறதே தவிர, அடினோசின் செய்யும் வேலையைச் செய்வதில்லை. களைப்பு குறைவதில்லை, களைப்பின் செய்திதான் போய்ச் சேர்வதில்லை. அவ்வாறாயின் காப்பி குடித்துவிட்டுப் படித்த பாடம் நன்றாக மனத்தில் நின்றால், அது நினைவின் வளர்ச்சியா, விழிப்பின் பயனா என்று எப்படிப் பிரிப்பது? ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் யாஸா குழுவினர் இதற்குக் கண்ட வழி எளியது: படங்களைப் பார்த்து முடித்த பிறகே 200 மில்லிகிராம் மாத்திரையைக் கொடுத்தார்கள். மறுநாள், முன்பு கண்ட படத்தையும் அதை ஒத்த, ஆனால் சிறிதே மாறிய படத்தையும் வேறுபடுத்துவதில் காஃபீன் உண்டவர்கள் சற்று முந்தியிருந்தார்கள் என்று 2014இல் வெளியான அந்த ஆய்வு கூறிற்று. பின்வந்தவர்கள் அதை மீண்டும் செய்து பார்த்தபோது விளைவு இருந்தாலும் மிகச் சிறியதே என்ற முடிவுக்கு வந்தார்கள். தேர்வுக்கு முந்திய இரவுகளை நம்பியிருப்போர்க்கு இது ஏமாற்றமளிக்கலாம். அருந்திய காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே பொதுவாக ஐந்து மணி நேரம் ஆகிறது என்பதையும், படித்தது பதிவதற்கு வேண்டிய ஆழ்ந்த உறக்கத்தையே அது கெடுக்கிறது என்பதையும் அவர்கள் சேர்த்து எண்ணுதல் நலம்.

காஃபீனால் நினைவு தெளிவாக வளர்ந்தது என்று சொல்லத்தக்க உயிர் தேனீ. ஜெரால்டின் ரைட்டும் துணைவர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, காப்பிச்செடியின் பூவிலும் எலுமிச்சை, நாரத்தை வகைப் பூக்களிலும் ஊறும் தேனில், தேனீக்குக் கசப்புத் தட்டாத அளவுக்குச் சிறிது காஃபீன் கலந்திருக்கிறது. ஒரு மணத்தை முகரச் செய்து இனிப்பு நீரை ஊட்டிவிட்டு, மறுநாள் மணத்தை மட்டும் காட்டும்போது உறிஞ்சுகுழலை நீட்டுகிற தேனீ அந்த மணத்தை நினைவில் வைத்திருக்கிறது என்று பொருள்; காஃபீன் கலந்த நீரை உண்ட தேனீக்களில் அவ்வாறு நீட்டியவை, கலவாததை உண்டவற்றைப் போல் மூன்று மடங்கு இருந்தன. இரண்டாண்டு கழித்து வந்த மற்றோர் ஆய்வு, இத்தகைய தேனை உண்ட தேனீக்கள் கூட்டுக்குத் திரும்பி, இடம் உணர்த்தும் ஆட்டத்தை மிகுதியாக ஆடுகின்றன என்றும், தேன் வற்றிய பின்னும் அவ்விடத்துக்கே திரும்பித் திரும்பிச் செல்கின்றன என்றும் காட்டியது. நினைவு கூடியது தேனீக்கு, ஆதாயமோ செடிக்கு.

ஆதாயம் அருந்துபவருக்கு அன்று என்னும் இக்கணக்கு மனிதர்களிடமும் அதிகம் மாறவில்லை என்று ஐயுறுவதற்கு இடமுண்டு. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ராஜர்ஸ் குழுவினர் 2010இல் கண்டறிந்தபடி, நாள்தோறும் காப்பி அருந்துபவர் இரவு முழுதும் அதைத் தவிர்த்துவிட்டுக் காலையில் காஃபீன் பெறும்போது அடையும் விழிப்புநிலை, காப்பிப் பழக்கமே இல்லாதவர் வெறும் மாத்திரை விழுங்கிய நிலையில் இருக்கும் விழிப்புநிலையைத் தாண்டுவதில்லை.

முதுமையைப் பற்றிய செய்திகள் இன்னும் வழுக்கலானவை. ஃபின்லாந்தில் 1409 பேரைச் சராசரியாக 21 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு, நடுவயதில் நாளொன்றுக்கு மூன்று முதல் ஐந்து கோப்பை காப்பி அருந்தியவர்களுக்கு மறதிநோய் 65 விழுக்காடு குறைவாக வந்தது என்று 2009இல் கூறியது. பிரிட்டன் மக்களைப் பற்றி 2021இல் வெளியான ஆய்வோ, ஆறு கோப்பைக்கு மேற்பட்டால் மறதிநோய்க்கான வாய்ப்பு 53 விழுக்காடு கூடுவதாகக் கூறியது. இவை ஒருவர் என்ன அருந்தினார் என்று கேட்டு எழுதிக்கொண்ட ஆய்வுகளாதலால், காப்பியா, காப்பி அருந்த வாய்த்த வாழ்க்கையா, எது காத்தது என்பதை அவற்றால் சொல்ல முடியாது. நடுக்குவாத நோயைப் பொறுத்தவரை சான்று இதனினும் வலுவானது. காஃபீன் மறிக்கும் ஏற்பிகளில் ஒன்றையே மறிக்கும் இஸ்ட்ராடெஃபிலின் என்ற மருந்து ஜப்பானில் 2013 முதல் அந்நோயாளிகளுக்கு வழங்கப்படுகிறது.

ஃபின்லாந்தியரின் கோப்பையைத் தமிழ்நாட்டு டம்ளராக மாற்றிக் கொள்வதில் இன்னொரு சிக்கல் உண்டு. இங்கே பொடியில் கலக்கும் சிக்கரி ஒரு செடியின் வறுத்த வேர்; அதில் காஃபீன் அறவே இல்லை. ஃபில்டரில் முதலில் இறங்கும் கள்ளிச்சொட்டு டிகாக்‌ஷனில் காஃபீனின் பெரும்பங்கு வந்துவிடுகிறது. பிறகு அதே பொடியில் கொதிநீரை மறுபடி ஊற்றி எடுக்கும் இரண்டாம் டிகாக்‌ஷனில் நிறம் இருக்கும் அளவுக்குச் சத்து இருப்பதில்லை. முதல் டிகாக்‌ஷன் விருந்தாளிக்கும் வீட்டுப் பெரியவருக்கும் போக, எல்லோருக்கும் கலந்து கொடுத்தவர் கடைசியில் அடுப்படியில் நின்றபடி இரண்டாவதைக் குடிப்பது பல வீடுகளில் வழக்கம். வினாத்தாளுடன் யாரேனும் வந்து கேட்டால், இருவரும் காலையில் ஒரு டம்ளர் என்றே சொல்வார்கள்.