செடிகளும் பங்கு கேட்கும் பள்ளத்தாக்கு

அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்து வடக்கு நோக்கி மூன்று, நான்கு மணி நேரம் வாகனத்தில் சென்றால் ஓவன்ஸ் பள்ளத்தாக்கை அடையலாம். மேற்கே பனி மூடிய சியரா நெவாடா மலைகள். 4,400 மீற்றருக்கும் மேல் உயர்ந்த விட்னி சிகரம் இங்குதான் இருக்கிறது. கிழக்கே வெயிலில் வெந்து நிற்கும் இன்யோ மலைகள். இரண்டுக்கும் இடையே நீண்டு கிடக்கிறது இந்த வரண்ட பூமி.

பசிபிக் சமுத்திரத்திலிருந்து வரும் மேகங்கள் சியரா மலைகளிலேயே தம் சுமையை இறக்கிவிடுகின்றன. அதனால் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு 100 முதல் 150 மில்லிமீற்றர் மழையே பெய்கிறது. ஆனாலும் பாலைவனத்தின் நடுவே இங்கு புல்வெளிகளைக் காணலாம். மலைப்பனி உருகி ஓடிவரும் ஓடைகள் அடிவாரத்து மணலில் இறங்கி நிலத்தடி நீராகச் சேர்வதே இதற்குக் காரணம். இம்மண்ணின் பூர்வீகக் குடிகளான பையூட் மக்கள், வெள்ளையர் வருமுன்னரே வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சியவர்கள். அவர்கள் இதற்கு இட்ட பெயரின் பொருள் 'நீர் ஓடும் நிலம்' என்பதாகும்.

நகரம் நீர் கேட்டது

வளர்ந்துவந்த லொஸ் ஏஞ்சல்ஸ், 1913 ஆம் ஆண்டு வில்லியம் முல்ஹொலண்ட் என்ற பொறியியலாளரின் தலைமையில் 370 கிலோ மீற்றருக்கும் அதிக நீளமான கால்வாயை அமைத்து ஓவன்ஸ் ஆற்று நீரைத் தன்பால் திருப்பியது. ஆறு போய்ச் சேர்ந்த ஓவன்ஸ் ஏரி 1926 அளவில் வற்றிப்போனது. ஏரியின் அடியிலிருந்து காற்றோடு எழுந்த உப்புப் புழுதி பல பத்தாண்டுகள் மக்களின் சுவாசத்தைக் கெடுத்தது. அதை அடக்க அந்நகரமே இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பெருந்தொகை செலவிட்டு ஏரியின் தரையை நனைத்து வருகிறது.

1970 இல் இரண்டாவது கால்வாய் திறக்கப்பட்டது. இம்முறை ஆற்று நீரோடு நிலத்தடி நீரும் பெருமளவில் இறைக்கப்பட்டது. ஊற்றுகள் சில வற்றின, புல்வெளிகள் கருகின. 1972 இல் இன்யோ மாவட்ட நிர்வாகம் நீதிமன்றம் சென்றது. அப்போது எழுந்த கேள்வி இதுதான்: நிலத்தடி நீரில் எவ்வளவை எடுத்தால் பள்ளத்தாக்கு பிழைக்கும்?

காற்றில் போகும் செலவு

எந்தக் குடும்பத்திலும் வரவு தெரிந்தால் போதாது, செலவும் தெரிய வேண்டும். ஓவன்ஸ் ஆற்றுக்கு இயற்கையில் கடலுக்குப் போக வழி கிடையாது. கால்வாய் வருமுன் இங்கு சேர்ந்த நீர் ஏறக்குறைய முழுவதும் ஏரியிலும் மண்ணிலுமிருந்து ஆவியாகியோ, செடிகளின் இலை வழியே ஆவியுயிர்ப்பாகியோதான் வெளியேறியது. ஆகவே காற்றில் போகும் நீரை அளந்தால் செலவுக் கணக்கு கிடைத்துவிடும்.

ஆனால், கண்ணுக்குத் தெரியாததை எவ்வாறு அளப்பது? யூட்டா மாநிலத்தின் எஸ்கலாண்டே பள்ளத்தாக்கில் ஆய்வு செய்த வோல்டர் வைட் 1932 இல் ஓர் எளிய வழியை வெளியிட்டார். அவர் கவனித்த கிணறுகளில் பகலில் நீர்மட்டம் சற்று இறங்கியது. இரவில் மெல்ல ஏறியது. பகலில் செடிகள் குடிக்கின்றன, இரவில் ஓய்கின்றன. அந்த ஏற்ற இறக்கத்திலிருந்தே செடிகள் குடித்த அளவை அவர் கணக்கிட்டார். இப்படி நிலத்தடி நீர்வரை வேர் விடும் தாவரங்களுக்கு ஒஸ்கார் மைன்சர் என்ற அறிஞர் கிரேக்க மொழியில் 'கிணற்றுச் செடி' என்று பொருள்படும் பெயரைச் சூட்டியிருந்தார். எத்தனை பொருத்தமான பெயர்!

1980களில் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் அமெரிக்கப் புவியியல் அளவாய்வு நிறுவனம் புதர்களுக்கும் புல்லுக்கும் மேலே கருவிகளை நிறுத்தி, எழும் காற்றின் ஈரத்தையும் வெப்பத்தையும் அளந்தது. அடர்த்தி குறைந்த புதர் நிலத்தில் ஆண்டுக்குச் சுமார் 300 மில்லிமீற்றர் நீரும், அடர்ந்த புல்வெளியில் 1,000 மில்லிமீற்றருக்கும் அதிகமான நீரும் காற்றில் கலந்தன. பெய்யும் மழையோ 150 மில்லிமீற்றரைத் தாண்டாது. மிகுதி எங்கிருந்து வந்தது? நிலத்தின் அடியிலிருந்துதான்!

இங்கே வேரின் ஆழம் முக்கியமானது. கிரீஸ்வுட் எனும் புதரின் வேர் பத்து மீற்றருக்கும் கீழே செல்லக்கூடியது. உப்புப் புல்லின் வேரோ சில மீற்றரோடு நின்றுவிடும். நீர்மட்டம் வேரை விட்டு இறங்கினால் புல் மடிகிறது. அவ்விடத்தில் புதர் பரவுகிறது. வெறும் மண் வெளிப்பட்டுப் புழுதி பறக்கிறது.

கணக்கு தந்த தீர்வு

நகரமும் மாவட்டமும் 1991 இல் ஓர் உடன்படிக்கைக்கு வந்தன. கண்காணிப்பு இடங்களில் மண்ணின் ஈரம் அங்குள்ள செடிகளின் தேவைக்குப் போதாவிட்டால், அதனோடு இணைக்கப்பட்ட கிணறுகளின் இறைப்பை நிறுத்த வேண்டும் என்பது அதன் முக்கிய விதி. பிணக்குகள் அத்தோடு ஓய்ந்துவிடவில்லை. எனினும், பேச வாயில்லாத புல்லின் தேவை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது சிறிய விடயமன்று.

இன்று இந்த ஆய்வு வானத்துக்கும் ஏறிவிட்டது. செய்மதிகள் எடுக்கும் படங்களைக் கொண்டு, மேற்கு மாநிலங்களின் வயல்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு நீரைக் காற்றுக்கு விடுகின்றன என்பதைக் கணிக்கும் 'ஓப்பன் ஈ.டி.' திட்டம் 2021 இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

கிணற்றில் கிடக்கும் நீர் யாருக்கும் உரியதல்ல, எடுத்தவருக்கே சொந்தம் என்று எண்ணுவோர் எங்கும் உண்டு. ஓவன்ஸ் பள்ளத்தாக்கோ வேறு பாடம் சொல்கிறது. நாம் வாளியை இறக்குமுன்னரே அந்நீரில் பங்கு பெற்று வாழ்வோர் இருக்கிறார்கள். அவர்களின் பங்கை அளந்து ஒதுக்கிய பின்னரே நமது பங்கு எவ்வளவு என்பது தெரியும்.