பீருக்குள் பன்னீர்!

நம் ஊரில் பீர் குடிப்பவர்கள் இரண்டு ரகம். முதல் ரகம், ஜில்லென்று இருக்கிறதா என்று பாட்டிலைத் தொட்டுப் பார்க்கும். இரண்டாவது ரகம், லேபிளில் 'ஸ்ட்ராங்' என்று போட்டிருக்கிறதா என்று தேடிப் பார்க்கும். கிளாஸில் ஊற்றி, மூக்கை உள்ளே விட்டு முகர்ந்து பார்க்கிற மூன்றாவது ரகத்தை நான் பெங்களூரில்தான் முதன்முதலாகச் சந்தித்தேன்.

அந்த மூன்றாவது ரகம் என் நண்பன். மதுரைக்காரன். பி.காம். படித்தபோது எனக்குப் பக்கத்து பெஞ்ச். பெங்களூரில் 2010-ஐ ஒட்டி முளைக்க ஆரம்பித்து இன்று தெருவுக்குத் தெரு பெருகிவிட்ட, கடையிலேயே பீர் காய்ச்சி ஊற்றுகிற இடங்களில் ஒன்றுக்கு என்னை இழுத்துப் போனான். என் முன்னால் வந்து உட்கார்ந்த கிளாஸைப் பார்த்துத் திடுக்கிட்டேன். பீர் என்றால் பொன்னிறமாக, அந்தப் பக்கம் இருப்பவன் முகம் தெரிகிற மாதிரி இருக்க வேண்டாமோ? இது மாம்பழ ஜூஸில் மோரைக் கலந்த மாதிரி கலங்கிப் போயிருந்தது.

"என்னடா, அடி வண்டலை ஊத்திட்டானா?"

"முட்டாள்! இதுக்குப் பேர் ஹேஸி டபுள் ஐ.பி.ஏ. கலங்கலா இருக்கறதுதான் இதுக்கு அழகு. உடனே குடிச்சுராத. முதல்ல மோந்து பாரு."

மோந்து பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன் சார், மாம்பழக் கூடையைத் திறந்த மாதிரி வாசனை! அதற்குப் பின்னால் எலுமிச்சைத் தோல். அதற்கும் பின்னால் மெல்லிசாக ஒரு பூ வாசனை. எங்கேயோ முகர்ந்ததுதான். எங்கே என்று பிடிபடவில்லை.

"என்ன பழம்டா போட்டிருக்கான் இதுல?"

"ஒரு பழமும் கிடையாது. பார்லி, ஓட்ஸ், தண்ணி, ஈஸ்ட், ஹாப்ஸ். அம்புட்டுத்தான்."

ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. செதில் செதிலாக, பச்சையாக, கட்டைவிரல் பருமனில் இருக்கும். பீருக்குக் கசப்பைத் தருவது, சீக்கிரம் கெட்டுப்போகாமல் காப்பது எல்லாம் அதுதான். தாவர சாஸ்திரப்படி கஞ்சாச் செடிக்குப் பங்காளி. (கம்பத்துக்காரர்கள் கோபிக்க வேண்டாம். நான் பேசுவது தாவர சாஸ்திரம் மட்டும்.)

ஐ.பி.ஏ. என்பதில் 'ஐ' என்பது சாட்சாத் நம் இந்தியாதான். இந்தியா பேல் ஏல். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், லண்டனில் போ என்ற பகுதியில் ஹாட்ஜ்ஸன் என்பவருக்கு பீர் ஆலை இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் வந்து நிற்கும் துறையும் பக்கத்திலேயே. கேப்டன்களுக்கு மாசக்கணக்கில் கடன் கொடுத்து பீப்பாய்களை ஏற்றிவிட்டார் மனிதர். ஹாப்ஸ் தாராளமாகப் போட்ட பீர், கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் கெடாமல் வந்து சேர்ந்தது. குடித்தவர்கள் துரைமார்கள். பெயர் மட்டும் நமக்கு!

1994-ல் கலிஃபோர்னியாவில் வின்னி சிலுர்ஸோ என்பவர் ஹாப்ஸை இரட்டிப்பாகக் கொட்டி 'டபுள்' ஆக்கினார். அடுத்து, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜான் கிம்மிச் என்பவர் தன் சின்ன பப்பில் காய்ச்சிய 'ஹெடி டாப்பர்' வந்தது. கலங்கலாக, கசப்பு அடங்கி, பழ வாசனை தூக்கலாக இருந்தது அது. 2011 ஆகஸ்டில் புயல் வெள்ளம் அந்த பப்பையே மூழ்கடித்தது. நல்லவேளை, கேனில் அடைக்கும் ஆலைக்கு வேறு இடத்தில் ஏற்பாடு முடிந்திருந்தது. வெள்ளம் வந்த இரண்டாம் நாளே கேன்கள் வெளியே வந்தன. அதைத் தேடி ஊர் ஊராக ஜனங்கள் கார் எடுத்துக்கொண்டு போனார்கள்.

இதில் தொழில் ரகசியம் ரொம்ப எளிது. ஹாப்ஸைக் கொதிக்கும்போது போட்டால் கசப்பு இறங்கும். காய்ச்சி ஆறிய பிறகு போட்டால் மணம் நிற்கும். ரசத்தை இறக்கிவிட்டுக் கொத்தமல்லி போடுகிறார்களே நம் வீட்டில், அதே கதை. அந்தப் பூவில் இருக்கும் எண்ணெயில் மிர்சீன், லினலூல், ஜெரானியால் என்று சில சமாசாரங்கள் உண்டு. மிர்சீன் மாம்பழத்திலும் இருக்கிறது. லினலூல் ஏலக்காயிலும் இருக்கிறது. ஜெரானியால் ரோஜாவில் இருப்பது. பழம் போடாமலே பழம் மணப்பது இப்படித்தான்.

ரோஜா என்றதும்தான் எனக்கு விளக்கு எரிந்தது. அந்தப் பூ வாசனை, பன்னீர் வாசனை. பன்னீர் திராட்சை! கம்பம்!

"பெங்களூர்ல கிளாஸ் கிளாஸா காசு கொடுத்து மோந்து பாக்கறியே, அது எங்க பக்கம் கொடியில தொங்குதுடா" என்றேன். நம்பவில்லை. மே மாசம் லீவு போட்டுவிட்டு வந்தான். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: இந்தப் பயணத்தில் பாட்டில் கிடையாது. மூக்கு மட்டும்தான்.

திண்டுக்கல்லில் இருந்து வத்தலக்குண்டு வழியாக வரும் பஸ், தேனிக்கு முன்னால் பெரியகுளத்தில் நிற்கும். கொடைக்கானல் மலைக்கு அடிவாரம். மாம்பழ சீஸன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கூடை வைத்திருந்த அம்மாவிடம் நண்பன் ஒரு பழத்தை எடுத்து, காம்புப் பக்கம் மூக்கை வைத்து, கண்ணை மூடி நின்றான். அரை நிமிஷம் ஆயிற்று.

"தம்பிக்கு மேலுக்கு முடியலையா?" என்று அந்த அம்மா என்னிடம் கவலையாக விசாரித்தது.

"இருக்குடா! முதல் வாசனை இதேதான்!" என்றான் அவன், கண்ணைத் திறந்து.

தேனியில் இறங்கி, மேற்கே போடிக்கு ஒரு நடை போய் வந்தோம். மதுரையில் இருந்து வரும் ரயில் பாதையை அகலமாக்குகிறோம் என்று பல வருஷம் மூடி வைத்திருந்தார்கள். 2022-ல் தேனி வரைக்கும், 2023-ல் போடி வரைக்கும் ரயில் மறுபடி வந்துவிட்டது. போடி ஏலக்காய் ஊர். மேலே கேரள மலையில் விளைகிற காய், கீழே இறங்கி இங்கே ஏலத்துக்கு வருகிறது. ஏலக்காய் மண்டி இருக்கிற தெருவில் சும்மா நடந்தாலே போதும், சட்டையெல்லாம் பாயச வாசனை! நண்பன் இரண்டு காயை நசுக்கி முகர்ந்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தில் ஏதோ குறித்துக்கொண்டான். ஆடிட்டர் தோற்றார்.

தேனியில் இருந்து கம்பம் 40 கிலோமீட்டர் போல. வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று பஸ் போகப் போக, இடது பக்கம் மேகமலை, வலது பக்கம் கேரள மலை என்று இரண்டும் கூடவே வரும். நடுவில் நெல், வாழை, தென்னை. இத்தனை பச்சைக்கும் காரணம், 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணைத் தண்ணீர். இந்தப் பக்கத்து வீடுகளில் அந்த வெள்ளைக்காரர் படத்துக்கு மாலை போட்டுப் பொங்கல் வைப்பதைப் பார்க்கலாம்.

கம்பத்தைத் தாண்டி சுருளிப்பட்டி போகும் வழியில் திராட்சைப் பந்தல்கள் ஆரம்பிக்கின்றன. கல்தூண் நட்டு, மேலே கம்பி பின்னி, அதில் கொடி ஏற்றியிருப்பார்கள். உள்ளே போனால் பச்சைக் கூரை போட்ட கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். தலைக்கு மேல் கறுப்புக் கொத்துகள். ஆறடி ஆசாமிகள் குனிந்து நடப்பது நல்லது.

இந்தப் பன்னீர் திராட்சைக்கு வெளிநாட்டுப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது என்கிறார்கள். மற்ற ஊர்களில் திராட்சைக்குக் காலம் உண்டு. இங்கே தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றி மாற்றிக் கவாத்து செய்வதால் வருஷம் முழுக்கப் பழம் கிடைக்கிறது. 2023-ல் இதற்குப் புவிசார் குறியீடும் கொடுத்தார்கள்.

தோட்டத்து அண்ணன் ஒருவர், ஐம்பது வயசு இருக்கும், வெட்டிக்கொண்டிருந்த கத்தரியைக் கீழே வைத்துவிட்டு ஒரு கொத்தை எடுத்து நீட்டினார். நண்பன் வழக்கம்போல முதலில் மூக்குக்குக் கொண்டுபோனான். அவர் சிரிக்கவில்லை. தலையாட்டினார்.

"அதான் சரி. கலரப் பாத்து வெட்டுனா ஏமாந்துருவீக தம்பி. கருத்திருக்கும், வாயில போட்டா புளிக்கும். சாயங்காலம் காத்து ஓஞ்ச நேரத்துல பந்தலுக்குள்ள வந்து நின்னா, எந்த வரிசை பழுத்திருக்குன்னு மூக்கே சொல்லிரும்."

நண்பன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பெங்களூரில் இந்த வித்தையைச் சொல்லிக்கொடுக்கக் கட்டணம் வாங்குகிறார்களாம்.

பழத்தின் மேல் படிந்திருந்த வெள்ளைப் பூச்சு போகாமல் ஒன்றைப் பறித்து வாயில் போட்டேன். தோல் வெடித்ததும் இனிப்பு. அப்புறம் லேசான புளிப்பு. கடைசியில் மூக்கின் பின்பக்கமாக ஏறியதே, அது! கல்யாண வாசலில் தெளிக்கிற பன்னீர். கிளாஸுக்குள் நான் பிடிக்க முடியாமல் விட்ட அதே வாசனை. லினலூலும் ஜெரானியாலும் இந்தப் பழத்திலும் இருக்கின்றன. ஹாப்ஸ் பூவுக்கும் கம்பத்துக் கொடிக்கும் சம்பந்தமே இல்லை. வாசனையில் மட்டும் சம்பந்தி.

"வெல எப்படிண்ணே?" என்று கேட்டான் நண்பன்.

"வெலயா? ஒரு ராத்திரி மழை பேஞ்சா பழம் வெடிச்சிரும். பறிச்சு ரெண்டு நாள் வச்சா காம்பவிட்டு உதிரும். அப்புறம் நாம எங்கிட்டு வெல சொல்றது? வியாபாரி சொல்றதுதான். இப்ப என்னடான்னா, வெதை இருக்காம், டவுன்ல பிள்ளைக திங்க மாட்டேங்குதாம். வெதையில்லாத பழத்த வாங்கிட்டுப் போயிருதாக."

நண்பன் உற்சாகமாகி, அந்தக் கலங்கல் பீரைப் பற்றி விளக்கினான். கிளாஸ் விலையையும் சொன்னான். அவர் மனசுக்குள் கிலோவாக மாற்றிப் பார்த்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதையும் மோந்து பாத்துத்தான் குடிப்பீகளோ?" என்றார்.

"ஆமாண்ணே. கொஞ்சம் கொஞ்சமா, ருசிச்சு."

"எங்கய்யா குடிச்சாரு. ரெண்டு ஏக்கர் போச்சு. இந்தப் பந்தல் நான் குத்தகைக்கு ஓட்டறது. நான் தொடறதில்ல. ருசிச்சுக் குடிச்ச ஆள நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல தம்பி."

கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த கொத்தை வெட்டிக்கொண்டே சொன்னார். நண்பனிடம் பதில் இல்லை. அவன் இப்படி வாயடைத்து நின்றதை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். காஸ்ட் அக்கவுண்டன்ஸி கேள்வித்தாள் கைக்கு வந்த அன்று.

அவன் பெங்களூரில் குடிப்பது எட்டு சதவீதத்தைச் சுற்றி ஆல்கஹால் உள்ள சரக்கு. நம் கடைகளில் கிடைக்கும் ஸ்ட்ராங் பீரும் சுமார் அதே வீரியம்தான். வாசனைக்காக ஒரு கிளாஸோடு எழுந்துகொள்பவனும், வாசனையே தெரியாமல் நான்கு பாட்டிலைக் கவிழ்ப்பவனும் வாங்குவது ஒரே ஆல்கஹால். அண்ணன் பார்த்தது இரண்டாவது ஆளை மட்டும். அவர் கணக்கில் தப்பு சொல்ல முடியாது.

பி.காம். படித்த புத்தி, எனக்கு வேறு ஒரு கணக்கும் ஓடியது. அக்கவுண்ட்ஸில் 'குட்வில்' என்று ஒன்று உண்டு. கையால் தொட முடியாது. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சொத்துப் பக்கத்தில் எழுதுவார்கள்; கம்பெனியை விற்றால் அதற்கும் சேர்த்து விலை கிடைக்கும். ஹேஸி டபுள் ஐ.பி.ஏ.-வில் பார்லிக்கும் தண்ணீருக்கும் என்ன பெரிய விலை? நாம் அதிகமாகக் கொடுக்கும் காசெல்லாம் வாசனைக்குத்தான். அதே வாசனை கம்பத்துப் பந்தலில் தொங்கும்போது, தராசில் எடை மட்டும் பார்க்கிறார்கள். வாசனைக்கு எடை ஏது? புவிசார் குறியீடு என்பது அந்த குட்வில்லை ரிஜிஸ்தர் செய்த மாதிரி. ரிஜிஸ்தர் ஆயாச்சு. விலை இன்னும் ஏறவில்லை. வாங்குகிற நமக்கு மூக்கு வேலை செய்தால்தான் அது ஏறும்.

நண்பன் ஒரு பெட்டி வாங்கினான். அண்ணன் சொன்ன விலையில் பேரம் பேசவில்லை. பெங்களூரில் எட்டு ரூபாய் பார்க்கிங் பாக்கிக்குச் சண்டை போடுகிறவன்!

உங்களுக்கு ஒரு யோசனை. இந்த வாரம் தள்ளுவண்டியில் கறுப்புத் திராட்சையைப் பார்த்தால், கம்பத்துப் பன்னீரா என்று கேளுங்கள். ஆமாம் என்றால், கொத்தை எடுத்து முகர்ந்து பாருங்கள். வண்டிக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. வீட்டுக்கு வந்து கழுவி, ஒவ்வொன்றாக வாயில் போட்டு, தோல் வெடித்ததும் மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். டபுள் ஐ.பி.ஏ.-வில் பாதி கிடைத்துவிடும். போதையில்லாத பாதி. மறுநாள் ஆபீஸுக்கும் நேரத்துக்குப் போகலாம்.

விதை இருக்கும்தான். துப்பினால் போயிற்று.