நாரின் ஈரம்

ஸ்ரீரங்கத்தில் மாலை வாங்க நின்றிருந்தோம். பூக்கடை அம்மா தண்ணீர்ச் சட்டியில் ஊறிக்கிடந்த வாழைநாரைக் கிழித்துக் கிழித்துச் சாமந்தி தொடுத்துக்கொண்டிருந்தார். உடன் வந்த நண்பர் சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை டப்பியை எடுத்துத் திறந்தார். உள்ளே கரி பூசிய பஞ்சுமிட்டாய் போல ஒரு துண்டு. உள்ளங்கையில் வைத்தால் வைத்ததே தெரியவில்லை.

“இதுவும் வாழைநார்தான். மின்சாரம் கடத்தும்” என்றார்.

அவர் திருச்சியில் பாலிமர் ஆராய்ச்சி செய்பவர். பூவோடு சேர்ந்த நார் மணக்கும், சரி. கரியோடு சேர்ந்த நார் மின்சாரம் கடத்துமா? நார் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். தொட்டியம் என்றார். அடுத்த வாரமே முசிறி வழியாகப் பஸ் ஏறிவிட்டோம்.

காவிரியின் வடகரையில் தொட்டியத்தைச் சுற்றி எங்கு திரும்பினாலும் வாழை. பூவன், ஏலரிசி, நேந்திரன், கற்பூரவல்லி. தார் வெட்டிய மரம் மறுபடி குலை தள்ளாது. பக்கக் கன்றுக்கு வழிவிட்டு அதைச் சாய்த்தே ஆகவேண்டும். அப்படிச் சாய்த்த மரங்கள் ஒரு தகரக் கொட்டகை வாசலில் குவிந்து கிடந்தன. உள்ளே நார் மிஷின் இரைந்துகொண்டிருந்தது.

மிஷினில் நின்ற அக்காவுக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். வாழைக்கறை ஏறி நகமெல்லாம் கறுத்திருந்தது. மட்டையின் ஒரு நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு மறுநுனியை உள்ளே விடுகிறார். சுழலும் உருளையின் தகடுகள் சதையை வழித்துத் தள்ளுகின்றன. இழுத்து, திருப்பிப் பிடித்து, மறுபாதியை விடுகிறார். ஈரம் சொட்டும் நார்க்கற்றை கையில் மிஞ்சுகிறது.

“உள்ள போறத வுடாம புடிச்சு வெளிய இழுக்குறதுதான் சார் வேலை. அசந்தா கை போயிரும்.”

நூறு கிலோ மரத்தை வழித்தால் ஏறக்குறைய ஒரு கிலோ நார்தான் தேறும். வெளிமட்டை நார் முரடு, உள்மட்டை நார் வெள்ளையாக, பட்டுப்போல இருக்கும். இரண்டையும் தனித்தனிக் கொடியில் போட்டிருந்தார். கொடியிலிருந்து ஒரு கற்றையை எடுத்து முறுக்கி, கன்னத்தில் ஒட்டிவைத்தார்.

“சில்லுனு இருக்கக் கூடாது. இருந்துச்சுன்னா இன்னும் காயல.”

“காஞ்சதுக்குத்தானே காசு?”

“நாம காஞ்சுதுங்கணும், வண்டிக்காரரு காஞ்சுதுங்கணும். அவரு ஒரு புடி புடிச்சுப் பாப்பாரு. ஈரம்பாரு. கிலோவுக்கு இம்புட்டுன்னு கழிப்பாரு. அவரு கைதான சார் தராசு.”

மறுநாள் ஆய்வகம். நாரைக் காரத்தில் வேகவைத்து, வெளுத்து, அரைத்துக் கூழாக்கும் வேதியியலில் பாதி எனக்குப் புரியவில்லை, மீதி அலுத்தது. விழித்துக்கொண்டது அதற்குப் பிறகுதான். கூழில் கார்பன் நானோ குழாய்களைக் கலந்து, அச்சில் ஊற்றி, உறையவைக்கிறார்கள். பிறகு வெற்றிடத்தில் வைத்தால் ஐஸ் தண்ணீராகாமல் நேரே ஆவியாகிவிடுகிறது. ஐஸ் இருந்த இடமெல்லாம் ஓட்டை. அதுதான் ஏரோஜெல். ஜெல்லியைச் சும்மா காயவிட்டால் வற்றிச் சுருங்கிவிடும். சுருங்காமல் ஈரத்தை எடுக்கமுடியும் என்று 1931இல் முதலில் காட்டியவர் அமெரிக்காவின் சாமுவேல் கிஸ்ட்லர். அவர் வழி வேறு. ஜெல்லில் இருந்த திரவத்தைக் கொதிநிலைக்கும் மேலே, உயர் அழுத்தத்தில் வாயுவைப் போலாக்கி வெளியேற்றினார். நண்பரின் துண்டு ஒரு கன சென்டிமீட்டருக்கு 15 மில்லிகிராம். செல்லுலோஸோ அதே அளவுக்கு ஒன்றரை கிராம். அப்படியென்றால் துண்டில் நூற்றுக்கு 99 பங்கு காற்று.

காற்றும் கடத்தாது, நாரும் கடத்தாது. கடத்துவது அந்தக் கொஞ்சக் கரி. கோடையில் செருப்பு நனையாமல் காவிரி ஓடையைத் தாண்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துக் கல் கிடந்தாலும் ஓரிடத்தில் கால் எட்டாவிட்டால் இக்கரையிலேயே நிற்கவேண்டியதுதான். அந்த ஒரு கல் விழுந்ததும் அக்கரை. கரியும் அப்படித்தான். ஓர் அளவு வரை சேர்த்தும் பலனில்லை. அந்த அளவைத் தொட்டதும் கடத்துதிறன் பல லட்சம் மடங்கு தாவுகிறது. இந்தக் கணக்கை 1957இல் பிராட்பென்ட், ஹாமர்ஸ்லி என்ற இரு பிரிட்டிஷ்காரர்கள் எழுதிவைத்தார்கள். உருண்டைத் துகள் என்றால் கன அளவில் ஏறத்தாழ 16 சதவீதம் வேண்டும். நானோ குழாய் நீண்ட மூங்கில். ஒரு சதவீதத்துக்கும் கீழேயே அக்கரை எட்டிவிடும்.

நான்கு கம்பிகளைத் துண்டில் பொருத்தினார்கள். இரண்டு மின்சாரத்தை அனுப்ப, இரண்டு மின்னழுத்தத்தை அளக்க. நண்பர் விரலால் லேசாக அமுக்கினார். ஓட்டைகள் நெருங்கி, குழாய்கள் தொட்டுக்கொண்டு, மீட்டரில் மின்தடை சரசரவென்று இறங்கியது. விரலை எடுத்ததும் ஏறியது. நாடித்துடிப்பையும் காலடியையும் உணரும் கருவிகளுக்கு இந்தக் குணம்தான் வேண்டும்.

பிறகு அவர் சொன்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கரி குறைவாகப் போட்ட ஒரு துண்டு, மழைநாளில் எதிர்பாராமல் நன்றாகக் கடத்தியதாம். மாணவர்கள் துள்ளினார்கள். உலர்த்தி அளந்தால் பழைய கதை. நார் உறிஞ்சிய ஈரத்தில் கரைந்த அயனிகள் செய்த வேலை அது. அதிலிருந்து ஈரத்தை அளந்து எழுதாத எந்தக் கணக்கையும் அவர் நம்புவதில்லை.

ஆய்வகம் நம்பாத அந்தக் கணக்கில்தான் கொட்டகையில் கூலி தீர்கிறது. இலேசானால்தான் ஆய்வகத்தில் நாருக்கு மதிப்பு. கொட்டகையில் இலேசானால் அக்காவுக்கு நஷ்டம். நன்றாகக் காயவைத்தால் எடை போகிறது, கொஞ்சம் குறைத்துக் காயவைத்தால் கழிவில் போகிறது. எந்த நாரும் முழுக்கக் காயாது, காற்றிலிருந்தே ஈரம் குடிக்கும் என்பது வியாபாரிகளுக்குத் தெரியாததல்ல. உலகச் சந்தையில் உலர்ந்த எடைக்கு மேல் பருத்திக்கு 8.5 சதவீதமும் சணலுக்கு 13.75 சதவீதமும் ஈரம் உண்டு என்று ஒப்புக்கொண்டுதான் எடை போடுகிறார்கள். பெரிய கைகளுக்குள் சரக்கு மாறும் இடத்தில் அளவு இருக்கிறது. கறை படிந்த கை நீட்டும் இடத்தில் மட்டும் ஒருவர் பிடித்துப் பார்த்துச் சொல்வது தீர்ப்பாகிவிடுகிறது. அந்த வண்டிக்காரத் தரகர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வண்டியும் வாங்கும் ஆளும் அவரிடம்தான். ஆனால் அவர் கை மீட்டர் ஆகாது.

இதே காவிரிக் கரையில் நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். 17 சதவீதம் என்று ஒரு வரம்பு, அதை அளக்க ஒரு சின்ன ஈரமானி. அந்த எண்ணை வைத்து விவசாயி சண்டை போடுகிறார், போராடுகிறார், சில வருடம் தளர்வும் வாங்குகிறார். எண் இருப்பதால்தான் சண்டைக்கு இடம் இருக்கிறது. திருச்சியிலேயே 1993 முதல் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வாழை உற்பத்தியாளர் குழுக்களும் இருக்கின்றன. நாருக்கு ஓர் ஈர வரம்பைச் சொல்லி, எடை போடும் இடத்தில் ஒரு ஈரமானியை வைக்கச் சொல்வது அவர்களால் ஆகாத காரியமல்ல.

அதுவரை தொட்டியத்தில் அந்த அக்கா தன் கன்னத்தில் வைத்துத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.