எட்டடி தூரத்தில் எத்தனை புள்ளி?

டிவி வாங்கக் கிளம்பும் நண்பர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "ஃபுல் எச்டி போதுமா, 4கே வாங்கணுமா?" நான் பதிலுக்கு இரண்டு கேள்வி கேட்பேன். உட்காரும் இடத்திலிருந்து டிவி மாட்டும் சுவர் எத்தனை அடி? வீட்டில் நாள் முழுக்க ஓடுவது எது, கேபிளா ஓடிடியா? இந்த இரண்டுக்கும் விடை தெரியாமல் யாரும் பணத்தை எண்ணிக் கொடுக்கக் கூடாது.

கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எச்டி ரெடி என்று விற்கப்படும் திரையில் குறுக்கே 1366, மேலிருந்து கீழே 768 பிக்சல்கள். பெருக்கினால் ஏறத்தாழ 10.5 லட்சம். ஃபுல் எச்டியில் 1920க்கு 1080, அதாவது 20.7 லட்சம். 4கே என்றால் 3840க்கு 2160, கிட்டத்தட்ட 83 லட்சம். 8கே 3.3 கோடியைத் தொடுகிறது. ஜப்பானின் என்எச்கே 2018 டிசம்பரில் 8கே ஒளிபரப்பையே தொடங்கிவிட்டது. நம் வீட்டு ஹாலுக்கு அதைப் பற்றி இப்போதைக்கு யோசிக்க வேண்டியதில்லை.

பிக்சல் கூடினால் படம் துல்லியமாகும் என்பது உண்மை. ஆனால் அந்தத் துல்லியம் கண்ணுக்கு எட்ட வேண்டுமே! கண் மருத்துவர் 6/6 என்று எழுதித் தரும் பார்வைக்கும் ஓர் எல்லை இருக்கிறது. ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. அதைவிட நெருக்கமாக இருக்கும் இரண்டு புள்ளிகள் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும். எட்டடி தள்ளி உட்கார்ந்தால் இந்த எல்லை 0.7 மில்லிமீட்டர். 43 இஞ்ச் ஃபுல் எச்டி திரையில் ஒரு பிக்சலின் அகலமோ அரை மில்லிமீட்டர். 32 இஞ்ச் எச்டி ரெடியிலும் ஏறக்குறைய அதே அளவுதான். எட்டடியிலிருந்து பார்ப்பவர் இரண்டிலுமே புள்ளியைப் பிரித்துப் பார்க்க முடியாது. அதே 43 இஞ்சை 4கேயில் வாங்கினால், கூடுதலாகக் கொடுத்த பிக்சல்கள் கண்ணில் பட ஐந்தரை அடிக்கும் பக்கத்தில் வந்தாக வேண்டும். இளவயதுக் கண்கள் 6/6ஐவிடக் கூர்மையாக இருப்பதுண்டு. அவர்களுக்கு ஓரிரு அடி கூட்டிக்கொள்ளலாம். 65 இஞ்சுக்குப் போனால் கதை மாறிவிடும். ஃபுல் எச்டியில் ஒரு பிக்சல் 0.75 மில்லிமீட்டராகி எல்லையைத் தாண்டிவிடுவதால், அங்கே 4கே கட்டாயம் வேண்டும்.

ஒரு விஷயத்தைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. நாம் டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்க்கும் திரையரங்குகள் பலவற்றில் இருப்பது 2கே புரொஜெக்டர். 2048க்கு 1080, அதாவது ஃபுல் எச்டியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அவ்வளவு பெரிய திரையில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, நடு வரிசையில் உட்கார்ந்த யாரும் "படம் தெளிவாக இல்லை" என்று எழுந்து வந்ததில்லை.

தூரத்தைவிடப் பெரிய விஷயம், திரைக்கு வந்து சேரும் படம். தமிழ்நாட்டில் இன்னும் எத்தனையோ வீடுகளில் சாதாரண எஸ்டி கேபிள்தான் ஓடுகிறது. அதில் வரும் படம் 720க்கு 576. மொத்தம் 4,14,720 பிக்சல். 4கே திரையை நிரப்ப இதைப்போல் சரியாக 20 மடங்கு வேண்டும். ஒரு கரண்டி மாவில் இருபது தோசை ஊற்றுகிற வேலை அது. வந்த ஒவ்வொரு புள்ளிக்கும் மிச்சம் 19 புள்ளிகளை டிவிக்குள் இருக்கும் சிப் அனுமானித்துப் போட வேண்டும். நல்ல சிப் சுமாராக ஒப்பேற்றும். மட்டமான சிப் முகங்களை எல்லாம் வழுவழுவென்று மெழுகிவிடும்.

கோவில்பட்டியில் என் பெரியம்மா வீட்டில் இதைக் கண்ணெதிரே பார்த்தேன். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் தீபாவளிக்கு 55 இஞ்ச் 4கே டிவி வாங்கி மாட்டியிருந்தான். பெரியம்மாவுக்குக் காலையில் செய்தி, சாயங்காலம் சீரியல். "பழைய பெட்டியே தேவலாம்யா. இதுல கீழ ஓடுற எழுத்துகூட வாசிக்க முடியல" என்றார். திரைக்கு அருகில் போய்ப் பார்த்தேன். செய்தி வரியில் ஓடிய எழுத்துகளில் மெய்யெழுத்தின் தலையில் இருக்க வேண்டிய புள்ளியைக் காணோம். எழுத்தோடு ஒட்டிக் கரைந்திருந்தது. 'ண'வின் சுழிகள் அடைத்துக்கொண்டு, 'ன'வா 'ண'வா என்று பிரிக்க முடியவில்லை. பழைய 21 இஞ்ச் டிவியிலும் இதே படம்தான் வந்தது. சிறிய திரை அந்தக் குறையை மறைத்து வைத்திருந்தது.

டிவியின் பின்னால் கையை விட்டுப் பார்த்தால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று வயர்கள். அந்த வயரில் எச்டி படம் போகவே போகாது. எச்டி பெட்டியை வாங்கி வைத்தும் இந்த மூன்று வயரைச் செருகிவிட்டு, மாதாமாதம் எச்டிக்குப் பணம் கட்டுகிற வீடுகளும் இருக்கின்றன. கேபிள்காரரிடம் சொல்லிப் பெட்டியை எச்டியாக மாற்றி, எச்டிஎம்ஐ கேபிள் ஒன்றைப் போட்டோம். ஒரே சேனல் எஸ்டியில் ஓர் எண்ணிலும் எச்டியில் வேறோர் எண்ணிலும் வரும் என்பதால், பெரியம்மா பார்க்கும் சேனல்களின் எச்டி எண்களைத் துண்டுச்சீட்டில் எழுதி ரிமோட்டின் முதுகில் ஒட்டினேன். எழுத்தின் மேல் புள்ளி தனியாக நின்றது. பெரியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு ஒரு வரியைச் சத்தமாக வாசித்தார். திரை 4கேதான், ஆனால் வந்தது 4கே படமில்லை. ஃபுல் எச்டி அளவுப் படமே அவருக்குத் தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

4கே உண்மையில் வந்து சேரும் வழி ஓடிடியும் யூடியூபும். அங்கேயும் நிபந்தனைகள் உண்டு. நெட்ஃபிளிக்ஸ் தன் உச்சக்கட்டணத் திட்டத்தில்தான் 4கே தருகிறது. அதற்கு விநாடிக்கு 15 மெகாபிட் வேகம் வேண்டும் என்கிறது. ஒரு மணி நேரத்துக்கு 7 ஜிபி வரை தீரும். போன் ஹாட்ஸ்பாட்டில் டிவி பார்ப்பவரின் தினசரி 2 ஜிபி பேக், அந்தக் கணக்கில் இருபது நிமிடம்கூடத் தாங்காது. ஃபைபர் இணைப்பும் மேல்தட்டுத் திட்டமும் இருக்கும் வீட்டுக்கு 4கே நல்ல பலன் தரும், மறுக்கவில்லை.

இன்று 55 இஞ்சுக்கு மேல் கடையில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் 4கேதான், யோசிக்கவே வேண்டாம். குழப்பம் 32லும் 43லும்தான். 32 இஞ்ச் கூடத்துச் சுவருக்கு என்றால் எச்டி ரெடி போதும். பிள்ளைகள் பாயைப் போட்டு நாலடியில் படுத்துப் பார்ப்பார்கள், கம்ப்யூட்டரையும் அதில் இணைப்போம் என்றால் ஃபுல் எச்டியாக எடுங்கள். 43இல் விலை வித்தியாசம் குறைவாக இருந்தால் 4கே எடுப்பதில் தவறில்லை. ஆனால் அதே விலைக்கு வெளிச்சமும் கறுப்பும் நன்றாக இருக்கும், ஒலி தெளிவாக இருக்கும், உங்கள் ஊரில் சர்வீஸ் கிடைக்கும் ஃபுல் எச்டி இருந்தால் நான் அதைத்தான் சொல்வேன். பக்கவாட்டில் உட்கார்ந்தால் நிறம் வெளிறிப்போகும் 83 லட்சம் பிக்சல், நாலு பேர் சேர்ந்து பார்க்கும் வீட்டுக்கு எதற்கு? அட்டைப்பெட்டியில் '4கே சப்போர்ட்' என்று மட்டும் போட்டிருந்தால் உஷாராக இருங்கள். 4கே வீடியோவை வாங்கிச் சுருக்கிக் காட்டும் என்பதுதான் அதற்குப் பொருள். திரையின் சொந்த அளவு என்ன என்று கேட்டு, 3840க்கு 2160 என்ற எண்ணைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கடையில் ஓடும் பூவையும் கிளியையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அவை கடைக்கென்றே எடுத்த வீடியோக்கள். டிவியும் வெளிச்சத்தை உச்சத்தில் வைத்த கடை மோடில் ஓடும். நீங்கள் தினமும் பார்க்கும் செய்திச் சேனலைப் போடச் சொல்லுங்கள். வீட்டில் அளந்த அதே தூரத்துக்குப் பின்னால் நகர்ந்து நின்று, கீழே ஓடும் வரியை வாசித்துப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துப் போய் வாசிக்கச் சொல்லுங்கள். போட்டுக் காட்ட மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.