அடிப்பிடித்த பால்

உங்கள் வீட்டில் எப்போதாவது பால் அடிப்பிடித்தது உண்டா? உண்டென்றால், நான் சொல்லப் போகும் சமாசாரம் எளிதில் விளங்கிவிடும். பொங்கி வழிகிற பாலை எல்லோரும் பார்த்துவிடுவார்கள், "ஐயோ!" என்று ஓடி வந்து அடுப்பை அணைப்பார்கள். அடிப்பிடிக்கிற பால் அப்படியல்ல. மேலே வெள்ளை வெளேரென்று ஏடு கட்டிச் சாதுவாக இருக்கும். அடியில் கருகுவது வாடை வந்த பிறகுதான் தெரியும்.

போன வருஷம் நான் அப்படித்தான் இருந்தேன்.

வேலை ஒன்றும் நிற்கவில்லை. காலை ஐந்தரைக்கு டிகாக்‌ஷன் இறங்கியது. எட்டு மணிக்கு மூன்று டிபன் டப்பாக்கள் தயாராயின. மாமியாருக்கு வேளா வேளைக்கு மாத்திரை போயிற்று. ஆனால் தூங்கி எழுந்தாலும் அலுப்புத் தீரவில்லை. யாராவது "அம்மா" என்று கூப்பிட்டால், நெஞ்சுக்குள் "மறுபடியுமா?" என்றது. வாசலில் 15 புள்ளிக் கோலம் போட்டு வந்தவள், 'யார் பார்க்கப் போகிறார்கள்?' என்று நாலு இழை இழுத்துவிட்டு உள்ளே வந்தேன். ஒரு நாள் மாமியார், "ரசத்தில் உப்பு இல்லையேம்மா" என்று சாதாரணமாகத்தான் சொன்னார். நான் சமையலறைக்குப் போய், உப்பு ஜாடியைக் கையில் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் அழுதேன். உப்புக்காக யாராவது அழுவார்களோ?

ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகள் அதைப் பார்த்துவிட்டாள். "அம்மா, எங்கள் ஆபீசில் இதற்குப் 'பர்ன்-அவுட்' என்று பேர். லீவுகூடக் கொடுப்பார்கள்" என்றாள்.

"லீவு கொடுக்கிற வியாதியெல்லாம் எனக்கு எப்படியடி வரும்?" என்றேன்.

அந்தப் பெயரின் பூர்வோத்தரத்தைப் பிறகு தேடிப் படித்தேன். 1974-ல் நியூயார்க்கில் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற மனோதத்துவ நிபுணர் இதைப் பற்றி எழுதினார். பகலில் சொந்தத் தொழிலைப் பார்த்துவிட்டு, இரவில் ஓர் இலவச மருத்துவ நிலையத்தில் தொண்டு செய்தவர் அவர். பிறருக்காக ஓடி ஓடி உழைத்தவர்கள் உள்ளுக்குள் கருகிப் போவதை அங்கே கண்டார். தமக்கும் அதே கதி நேர்ந்ததை உணர்ந்தார். 2019-ல் உலக சுகாதார நிறுவனம் இதற்கு மூன்று அடையாளங்கள் சொல்லிற்று: சக்தியெல்லாம் வற்றிப் போதல், செய்கிற வேலையில் மனம் ஒட்டாமல் கசந்து போதல், நாம் செய்வது எதுவும் உருப்படியில்லை என்ற எண்ணம். தீராத அலுப்பு, "மறுபடியுமா?", உப்பு ஜாடி - மூன்றும் என் வீட்டிலேயே இருந்தன!

ஆனால் ஒரு வேடிக்கை. இந்தப் பெயரை உத்தியோகத்துக்கு மட்டுந்தான் சொல்ல வேண்டும், வாழ்க்கையின் மற்றப் பகுதிகளுக்கு ஆகாது என்று அந்த நிறுவனம் கோடு கிழித்துவிட்டது. நம் நாட்டில் 2024-ல் எடுத்த அரசாங்கக் கணக்கு என்ன சொல்கிறது தெரியுமா? வீட்டு வேலைகளைச் சம்பளமின்றிச் செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிஷம் செலவிடுகிறார்கள். அப்படிச் செய்யும் ஆண்கள் 88 நிமிஷம். ஏறக்குறைய ஐந்து மணி நேரம்! தான் எரிவது ஆபீசிலா வீட்டிலா என்று தீக்குத் தெரியுமா, சொல்லுங்கள்!

முதலில் டாக்டரிடம் போனேன். நீங்களும் அதையே செய்யுங்கள். இரத்தச் சோகையும் தைராய்டுக் குறைவும் இதே வேஷத்தில் வரும். வாரக் கணக்கில் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், அது சிகிச்சை வேண்டிய மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம். பரிசோதனையில் எனக்கு ஒன்றுமில்லை. அப்புறம் தங்கை வீட்டுக்குப் போய் நாலு நாள் படுத்துத் தூங்கினேன். திரும்பி வந்த ஒரே வாரத்தில் பழைய கதைதான். தீயைக் குறைக்காமல், பாலைச் சற்றே இறக்கி வைத்து மறுபடி ஏற்றினால் என்ன பயன்?

அப்போதுதான் ஒரு சூட்சுமம் புரிந்தது. என்னைக் கருக்கியது கை வேலை மட்டுமல்ல, நினைப்பு வேலை. நாளைக்கு என்ன குழம்பு, காஸ் எப்போது தீரும், மாத்திரை எத்தனை மிச்சம் - படுத்தாலும் இது ஓயாது. வீட்டார் உதவி செய்யாமல் இல்லை. ஆனால் "என்ன செய்யணும், சொல்லு" என்று என்னையே அல்லவா கேட்டார்கள்! ஆகவே, உதவி வேண்டாம், பொறுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். காலைக் காப்பி அவருடையது. பால் வாங்குவது முதல் பாத்திரம் கழுவுவது வரை. பாட்டியின் மாத்திரை மகன் பொறுப்பு. சனிக்கிழமை ராத்திரிச் சமையல் மகளுடையது; என்ன சமைப்பது என்று என்னைக் கேட்கக் கூடாது.

முதல் நாள் காலையே அவர் பாலை அடிப்பிடிக்க விட்டுவிட்டார். வாடை படுக்கையறை வரை வந்தது. எழுந்து ஓடக் கால் துறுதுறுத்தது. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். சகோதரிகளே, அந்தப் பத்து நிமிஷந்தான் கஷ்டம்!

பிறகு போய்ப் பார்த்தால், பாத்திரத்தைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டு நிற்கிறார். "சுரண்டாதீங்க. தண்ணீர் ஊற்றி ஊற வையுங்க, சாயங்காலம் தானே விட்டு வரும்" என்றேன். சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாளும் நான் என்னை அப்படித்தானே சுரண்டிக்கொண்டிருந்தேன்!

வாசற்கோலம் 15 புள்ளிக்குத் திரும்பிவிட்டதா என்கிறீர்களா? இல்லை, 9 புள்ளியோடு நிறுத்திக்கொண்டிருக்கிறேன். அதுவும் அழகாகத்தான் இருக்கிறது.